டெய்லிங்ஸ்: ‘தாதுச்சக்கை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சுரங்கப் பாறையை அரைத்துத் தாதுவைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுவதை ஆங்கிலத்தில் ‘டெய்லிங்ஸ்’ (tailings) என்கிறார்கள். இதற்குத் தமிழில் ‘வால்கழிவு’ என ஒருவர் முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலச் சொல்லுக்குள் வால் இருந்தால் தமிழிலும் ஒட்ட வேண்டுமா? பொருளைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

செம்புச் சுரங்கத்தில் வெடிவைத்துப் பெயர்த்த பாறையை நொறுக்கி, எஃகு உருண்டைகள் உருளும் ஆலையில் மாவாக அரைக்கிறார்கள். நீரும், தாதுத் துகளைக் குமிழியில் ஒட்டச்செய்யும் சாந்தேட்டு (xanthate) என்ற வேதிப்பொருளும் சேர்த்துக் காற்றை ஊதினால் தாதுத் துகள்கள் குமிழியில் ஒட்டி நுரையோடு மேலே வரும். நம் பாடநூல்கள் இதை ‘நுரை மிதப்பு முறை’ என்று அழகாகச் சொல்கின்றன. நுரையை வழித்தபின் தொட்டியில் தங்கும் குழம்புதான் நாம் பெயர் தேடும் பொருள். செம்பு 0.6 சதவீதம் என்றால் 1,000 கிலோ பாறையில் 6 கிலோதான். செம்போடு சேர்ந்து நுரையில் போகும் மற்றவற்றையும் கழித்தாலும் ஏறத்தாழ 975 கிலோ மிஞ்சும்.

‘கசடு’ உலையில் உருகிப் பிரிவதற்கு ஏற்கெனவே வழங்குகிறது. ‘கழிவு’ மிகப் பொது. தாதுவின் மேலிருந்து அகற்றும் மண்ணும் கழிவுதான், ஆனால் அது ஆலைக்குள்ளேயே போவதில்லை.

எனவே ‘தாதுச்சக்கை’. சாறு பிழிந்தபின் கரும்பில் எஞ்சுவது சக்கை. சாரம் எடுத்தாயிற்று என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. சக்கை நாராக, உலர்ந்து இருக்குமே என்பீர்கள். நியாயம்தான். ஈரமாக இருக்கும்போது ‘சக்கைக்குழம்பு’, நீரை வடித்துக் குவித்தால் ‘உலர்சக்கை’, தேக்குவது ‘சக்கை அணை’ என்று பிரித்துக்கொள்ளலாம்.

இந்தத் துல்லியம் வேண்டும். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் உடைந்ததைக் ‘கழிவுநீர் அணை’ என்று எழுதினால் நடந்தது விளங்காது. தேங்கியிருந்தது இரும்புத்தாதுச் சக்கை. அணையின் மேலடுக்குகளே முன்பு படிந்த சக்கையின்மேல் எழுப்பப்பட்டவை. திடமாகத் தோன்றிய அது சில நொடிகளில் குழம்பாகிப் பாய்ந்து 270 பேரைக் கொன்றது.

கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறைகளாகத் தோண்டிக் கொடுத்த பாறையின் மிச்சமும் இதுவே. 2001இல் சுரங்கம் மூடப்பட்டபின்னும் அந்தச் ‘சயனைடு மேடுகள்’ (தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்தியதால் வந்த பெயர்) நிற்கின்றன. காற்றடித்தால் தூள் பறக்கிறது. அவற்றைச் சொல்லவாவது நமக்கு ஒரு சொல் வேண்டாமா?

இன்னொன்று பாக்கி. தேக்கத்தின் மேல் தெளிந்து, ஆலைக்கே திரும்ப இறைக்கப்படும் நீருக்கு என்ன பெயர்? பள்ளியில் ‘தெளியவைத்து இறுத்தல்’ என்று படித்தோமே, அதிலிருந்து ‘இறுத்த நீர்’ எனலாமா, ‘தெளிநீர்’ போதுமா? மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.