ரசிக்கும் கார் ஒன்று, வாங்கச் சொல்லும் கார் வேறொன்று: எது சரியான மதிப்பீடு?

அல்சூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் பழைய கார்களின் அணிவகுப்பு எங்கு நடந்தாலும் தவறாமல் போய்விடுகிறவன் நான். எத்தனை பென்ஸும் பியூக்கும் வரிசையில் நின்றாலும், எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் நான் வந்து நிற்பது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன்னால்தான். இத்தாலியரான ஜியோவான்னி மிக்கெலாட்டி வடிவமைத்து, 1959-இல் பிரிட்டனில் ட்ரயம்ஃப் ஹெரால்டாக வெளிவந்து, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் தயாரித்த கார் அது. மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்து பானெட் முழுவதுமாக முன்னோக்கிக் கவிழ்ந்து திறப்பதைப் பார்த்த பிறகு எனக்கு மற்ற வண்டிகள் கண்ணில் படுவதில்லை.

இப்போது சொந்தமாக ஒன்று வாங்கும் முடிவுக்கு வந்திருக்கிறேன். லிங்கராஜபுரத்தில் ஒருவரிடம் 1970-ஆம் ஆண்டு நான்கு கதவு ஹெரால்டு இருக்கிறது. அண்மையில்தான் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள், முகம் பார்க்கலாம் போல் மினுங்குகிறது. ஜெயநகரில் இன்னொருவரிடம் 1978-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி இருக்கிறது; வெளிர்நீல வண்ணம் கூரையில் வெளுத்துப்போய்விட்டது, ஆனால் தொடக்கம் முதல் ஒரே குடும்பத்திடம் இருந்த வண்டி. விலையில் ஹெரால்டு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அணிவகுப்பில் என்னோடு சேர்ந்து ஹெரால்டை வியந்தவர்களிடமே யோசனை கேட்டேன். ஒருவர் விடாமல் அனைவரும் பத்மினியை வாங்கு என்கிறார்கள். ரசிக்கும்போது ஒரு தராசும் வாங்கும்போது வேறொரு தராசும் எதற்கு? அவர்களுடைய வியப்பு வெறும் உபசாரமா, அல்லது இந்த யோசனைதான் பயத்தில் பிறந்ததா?

பழைய ஸ்பேனர்

தம்பி, அவர்கள் இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னார்கள், ஆனால் இரண்டு வேறு பொருள்களைப் பற்றிச் சொன்னார்கள். அணிவகுப்பில் நீங்கள் பார்ப்பது ஹெரால்டு என்கிற மாடலை. அதன் கோடுகள், அது பிறந்த காலம், சென்னையில் தயாரானது என்கிற பெருமை ஆகிய அனைத்தும் அந்த மாடலுக்குச் சொந்தமானவை. உங்கள் முன்னால் நிற்கும் வண்டி அவற்றுக்கு ஒரு சாட்சி மட்டுமே. லிங்கராஜபுரத்தில் இருப்பதோ ஒரு தனி வண்டி. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக யார் யாரோ ஓட்டி, எங்கெங்கோ நிறுத்தி, கையில் காசிருந்த அளவுக்குப் பழுது பார்த்த வண்டி. வீட்டின் முகப்பைத் தெருவில் நின்று ரசிப்பவர் வில்லங்கச் சான்று கேட்பதில்லை, வாங்குபவர் கேட்காமல் விடுவதில்லை. அது போன்றதுதான் இதுவும்.

உங்கள் இரண்டு வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், உண்டு, உடற்பகுதிகள் அதன்மேல் போல்ட் போட்டு இணைக்கப்பட்டவை. ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு துருப்பிடித்துத் தொங்கினாலும் பெரிய கவலை இல்லை, கழற்றி வேறொன்று பூட்டலாம். கவலைப்பட வேண்டியது சேஸிஸிலிருந்து இருபுறமும் நீளும் கைகளைப் பற்றித்தான். உடலைத் தாங்குவது அவையே. சேறும் தண்ணீரும் தேங்குவதும் அங்கேதான். ஃபியட் 1100 குடும்பத்தில் பிறந்த பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அதே நீளத் தகடு அங்கே வண்டியின் வலுவைச் சுமக்கிறது, அது போனால் கதவு சரியாக மூடாது, செலவும் கைமீறிப் போகும். ஒரே இடத்துத் துரு ஒரு வண்டியில் அற்பம், மற்றொன்றில் ஆபத்து. ரசிகனுக்கு இது தெரிய வேண்டியதில்லை, வாங்குபவனுக்கு இதைவிட முக்கியமானது அதிகமில்லை.

அடுத்தது அந்தச் சிவப்பு வண்ணம். புதிய வண்ணம் என்றதும் எனக்கு மகிழ்ச்சிக்கு முன்னால் சந்தேகம்தான் வருகிறது. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கதவின் கீழ்விளிம்பிலும், சக்கரத்தின் மேல்வளைவிலும், டிக்கி மூடியின் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டாமல் நழுவும் இடங்களில் தகட்டுக்குப் பதிலாக, ஓட்டையை அடைக்கப் பூசும் பட்டிதான் இருக்கும். பிறகு டிக்கியில் விரித்திருக்கும் கம்பளத்தைத் தூக்குங்கள். வெளியே சிவப்பும் அங்கே உள்ளே வேறு நிறமும் இருந்தால் அதனால் மட்டும் குற்றமில்லை, முதலில் என்ன நிறமாக இருந்தது என்பது தெரிந்துவிடும். துருவின் மேலேயே சிவப்பை அடித்திருந்தால்தான் விற்பவரின் குணம் தெரியும்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் என்ற பாகத்தையும் கட்டாயம் பாருங்கள். அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும். பல பட்டறைகளில் பழக்கத்தில் கிரீஸை அடைத்துவிடுவார்கள். உள்ளே எண்ணெய் இல்லாமல் தேய்ந்து ஒரு நாள் முறிந்தால் சக்கரம் மடங்கி வண்டி உட்கார்ந்துவிடும். அதில் என்ன விடுகிறீர்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் பதில், வண்டியைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும்.

ஜே.சி. ரோடு கவுன்டர்

மேலே எழுதியவர் இரும்பைச் சொல்லிவிட்டார், நான் உதிரிபாகத்தையும் காகிதத்தையும் சொல்கிறேன். புதிதாக வருகிறவர்கள் எஞ்சினைக் கண்டுதான் அஞ்சுகிறார்கள். எஞ்சின் வேலைக்கு இந்த ஊரில் ஆளும் உண்டு, வழியும் உண்டு. தேய்ந்த சிலிண்டரைக் கடையலாம், பிஸ்டன் பொருத்தலாம், வேறு வண்டியின் பாகத்தைக் கடைந்தும் இணைக்கலாம். கிடைக்காமல் அலைய வைப்பவை பார்ப்பதற்கு அற்பமான பொருள்கள்: பின்விளக்கின் கண்ணாடி, கதவின் வெளிக் கைப்பிடி, கிரில்லின் ஓரப் பட்டை, முன்கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர், பெயர் எழுத்துகள். அணிவகுப்பில் உங்கள் கண்ணை இழுத்தவையும் இவைதாம் என்பதைக் கவனியுங்கள். எஞ்சின் ஓடாமல் நின்றாலும் இவை அனைத்தும் முழுமையாக உள்ள வண்டி, நன்றாக ஓடியும் இவற்றில் பாதி காணாமல்போன வண்டியைவிடப் பெரும்பாலும் மலிவாகவே முடியும்.

இந்த விஷயத்தில் பத்மினிக்கு நீண்ட காலம் ஒரு பாதுகாப்பு இருந்தது. மும்பை டாக்ஸிகளின் தேவைக்காகவே அதன் பாகங்கள் தொடர்ந்து சந்தைக்கு வந்துகொண்டிருந்தன. 2023 அக்டோபரோடு அங்கே கடைசிப் பத்மினி டாக்ஸியும் சாலையிலிருந்து விலகிவிட்டது. ஆகவே பத்மினிக்கு எல்லாம் கிடைக்கும் என்று சொல்பவர்கள் நேற்றைய நிலவரத்தைச் சொல்கிறார்கள் என்பது என் கருத்து. ஆயினும் ஹெரால்டோடு ஒப்பிட்டால் இன்றும் பத்மினிக்காரர் நிம்மதியாகத் தூங்கலாம்.

காகிதத்துக்கு வருவோம். எம்.ஒய்., எம்.இ., சி.ஏ. என்று தொடங்கும் பழைய கர்நாடக எண்களைப் பார்த்தவுடன் ரசிகர்கள் படம் எடுக்கிறார்கள். வாங்குபவர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்க வேண்டும், அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்தவையும் ஒன்றுதானா என்று தாமே குனிந்து படிக்க வேண்டும். சேஸிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டை வெட்டி ஒட்டியிருந்தால் வெல்டிங்கின் மேடு அந்தத் தாளிலேயே தெரியும். பல பழைய வண்டிகளின் விவரம் போக்குவரத்துத் துறையின் வாகன் கணினிப் பதிவில் ஏறியிருக்காது. அதை ஏற்றாமல் பெயர் மாற்றம் நடக்காது. அந்த வேலையை விற்பவர் முடித்துத் தரட்டும், பிறகு முழுப் பணத்தையும் கொடுங்கள்.

2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, அசல் வடிவம் மாறாத வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுகளுக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் ஹெரால்டு இதற்குத் தகுதி பெறும், 1978 பத்மினி இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டும். வாரந்தோறும் ஓட்டும் எண்ணமிருந்தால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு போவது நல்லது. 20 ஆண்டு கடந்த காருக்கு அந்தக் கட்டணத்தை 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள் என்பதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

கோரமங்களா மீனா

பெரியவர்கள் இருவரும் சொன்னதில் தகவல் பிழை ஏதுமில்லை. ஆனால் மாடலை ரசிக்கிறோம், தனி வண்டியை வாங்குகிறோம் என்று பழைய ஸ்பேனர் ஐயா இரண்டாகப் பிரித்துவிட்டதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. தொடக்கத்தில் அந்தப் பிரிவு உண்மைதான். பார்த்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மங்கிக்கொண்டே போகிறது. பழைய கார்களின் நிலையை மதிப்பிடும் நல்ல கான்கோர் போட்டிகளில் நடுவர்கள் பளபளப்புக்காக மட்டும் மதிப்பெண் கொடுப்பதில்லை; போல்ட்டின் தலை அக்காலத்ததா, இருக்கைத் துணியின் நெசவு சரியா, வண்ணம் அந்த ஆண்டு தொழிற்சாலை அடித்த வண்ணமா என்றுதான் தேடுகிறார்கள். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவாவும், வரலாற்றுச் சரியான நிலையில் காக்கப்பட்ட, 30 ஆண்டுக்குக் குறையாத வண்டியைத்தான் வரலாற்று வாகனம் என்கிறது. ஆக, தேர்ந்த ரசிகரும் தேர்ந்த வாங்குபவரும் ஒரே இடத்தில் குனிந்து ஒரே பொருளைத்தான் பார்க்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது அம்பாசிடர் மார்க் 2. அணிவகுப்புக்குக் கொண்டுபோனால், தொழிற்சாலை ஒருநாளும் அடிக்காத இரட்டை நிறமும் அலாய் சக்கரமும் போட்ட அம்பாசிடரைச் சுற்றித்தான் கூட்டம் சேர்கிறது. (இதில் எனக்குச் சிறிது பொறாமை உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.) ஆனால் விற்பனை என்று வரும்போது, அந்த வண்டியை அசல் நிலைக்குத் திருப்ப ஆகும் செலவைக் கழித்துக்கொண்டுதான் விவரமறிந்தவர்கள் விலை பேசுகிறார்கள். வெளுத்த கூரையோடு நிற்கும் ஜெயநகர்ப் பத்மினியை நான் குறையுள்ள வண்டியாகப் பார்க்க மாட்டேன். தொழிற்சாலையில் பூசிய வண்ணம் ஒரு முறைதான் கிடைக்கும். அதைச் சுரண்டிவிட்டு எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் முந்தையது திரும்பாது. அந்த வெளிர்நீலத்தை நீங்கள் ரசிக்கப் பழகினால், வாங்கும் கண்ணும் ரசிக்கும் கண்ணும் சண்டையிட்டுக்கொள்ள வேண்டியிராது.

அதே நேரத்தில் கணக்கை மட்டும் பார்த்து, மனம் ஒட்டாத வண்டியை வாங்குவதையும் நான் தடுப்பேன். மார்ச் மாத வெயிலில் சில்க் போர்டு சந்திப்பில் ரேடியேட்டர் கொதித்து நிற்கும்போது, பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும்போது, அந்த வண்டியின் மேல் உங்களுக்குள்ள பிரியம்தான் உங்களைப் பட்டறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். பிரியமில்லாத பழைய கார் இரண்டு பழுதுக்குப் பிறகு மூடுதுணிக்குள் போய்விடுகிறது, நின்ற இடத்திலேயே கெட்டும் போகிறது. எனவே இரண்டிலும் உட்கார்ந்து, தாராளமாக ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பத்மினியின் ஸ்டீயரிங் தண்டில் உள்ள கியர் உங்கள் கைக்கு வருகிறதா, ஹெரால்டின் பெடல்களுக்கு உங்கள் காலணி பொருந்துகிறதா என்பதெல்லாம் படத்தில் தெரிவதில்லை. வெறும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் ஹெரால்டை அல்சூர்ச் சந்துகளில் ஒரு முறை திருப்பிய பிறகு உங்கள் முடிவு மாறினாலும் நான் வியக்க மாட்டேன்.

அல்சூர்வாசி

மூவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை இரண்டு வண்டிகளையும் பார்க்கிறேன். ஹெரால்டைப் பட்டறையில் லிஃப்டில் ஏற்றிப் பார்க்க அதன் உரிமையாளர் சம்மதித்துவிட்டார். ஒரே ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. இப்போது பெட்ரோல் நிலையங்களில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். இந்தக் கார்கள் அதைத் தாங்குமா, அதையும் விலையில் கழிக்க வேண்டுமா?

பழைய ஸ்பேனர்

லிஃப்டில் ஏற்றச் சம்மதித்தார் என்பதே அவர் பக்கத்தில் ஒரு நல்ல மதிப்பெண், தம்பி. மீனா அம்மா சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன், அந்தப் பழகிய கண் வருவதற்குள் பலருடைய பை காலியாகிவிடுகிறது என்பதுதான் என் அச்சம்.

எத்தனால் பற்றி: பழைய ரப்பர்க் குழாய்களும் வண்டியிலுள்ள பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் என்கிற சவ்வும் எத்தனாலில் ஊறி இளகும், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால், நீண்ட நாள் நிற்கும் வண்டியில் டாங்கி உள்ளே துருப்பிடிக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களும் புதிய டயஃப்ரமும் போட்டுவிட்டால் பெரும்பகுதிக் கவலை தீரும், கார்புரேட்டரில் எரிபொருள் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டியும் இருக்கலாம். இது பெரிய செலவில்லை, பேரம் பேசச் சொல்லிக்கொள்ளலாம். ஈயமில்லாத பெட்ரோல் 2000-இல் நாடு முழுவதும் வந்த பிறகு எக்ஸாஸ்ட் வால்வு வந்து அமரும் வளையமான வால்வு சீட்டை மாற்றினார்களா என்பது அதைவிட முக்கியமான கேள்வி. மாற்றாமல் நீண்ட தூரம் வேகமாக ஓட்டினால் வால்வு உள்ளே அமிழ்ந்து, கம்ப்ரெஷன் என்கிற சிலிண்டரின் உள்ளழுத்தம் குறையும்.

சனிக்கிழமை வருவதாகச் சொல்லும்போதே, நான் வரும்வரை எஞ்சினைக் கிளப்ப வேண்டாம் என்று இருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்தவுடன் பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை சுற்றில் பற்றுகிறது, பற்றிய நொடியில் நீலப் புகை வருகிறதா, ஆயில் அழுத்த விளக்கு எவ்வளவு நேரத்தில் அணைகிறது என்பவற்றைப் பார்த்துவிட்டு, கம்ப்ரெஷன் அளவுகளோடு இங்கே எழுதுங்கள். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாக வேண்டும்.