ஜிலோவில் பெட்டி வராத இரவு: உங்களுக்கு என்ன நடந்தது?
(ஜிலோ, இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் விமான நிலையம். எழுதியவர்களை அவரவர் ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறோம்.)

சென்-ஆந்த்ரே:
தைப்பூசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது சென்னையிலிருந்து மொரீஷியஸ் வழியாக வந்தோம். ஜிலோவில் பெல்ட் நின்றுவிட்டது. எங்கள் பெட்டி மட்டும் இல்லை. தம்பியின் அலகு வேல்கள், மயிலிறகுக் கட்டு, அம்மா மஞ்சளில் நனைத்து மடித்த வேட்டி எல்லாம் அதில்தான். கவுண்டரில் இருந்த பெண் என் எண்ணைத் துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, "நாளை வந்துவிடும், வீட்டுக்குப் போங்கள்" என்றார். போய்விட்டேன். ஆறாம் நாள் பெட்டி வந்தபோது காவடி முடிந்திருந்தது. விரதமிருந்த தம்பி, கடையில் வாங்கிய வேட்டியைக் கட்டிக்கொண்டு, கோயிலில் கொடுத்த வேல்களால் அலகு குத்திக்கொண்டான். போனில் கேட்டதற்கு, "விமான நிலையத்தில் புகார் பதிவாகவில்லை" என்று முடித்துவிட்டார்கள். அந்தப் பெண் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

சென்-பியேர்:
எங்களுக்குப் பெட்டி வந்தது, நேரம்தான் போனது. பாரிஸ் விமானம் 2 மணி 50 நிமிடம் தாமதமாகத் தரையிறங்கியது. படிக்கட்டு வரவில்லை. உள்ளே புழுக்கம், குழந்தைகள் அழுகை. மாமனார் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவு திறந்தபோது தாமதம் 3 மணி 7 நிமிடம். "இப்போதுதான் கதவைத் திறந்தார்கள்" என்று வெளியே காத்திருந்த கணவருக்கு அந்த நொடியே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தாமதத்துக்கு ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி இழப்பீடு கேட்டேன். மூன்று மணி நேரம் ஆகவில்லை என்று விமான நிறுவனம் மறுத்தது. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் கணக்கில்லை, ஒரு கதவாவது திறந்து பயணிகளை இறங்கவிட்ட நேரம்தான் கணக்கு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதையும் என் செய்தியையும் சேர்த்து அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்து ஆளுக்கு 400 யூரோ வந்தது.

சென்-தெனி:
அக்கா, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். 3,500 கிலோமீட்டரைத் தாண்டினால் 600 யூரோ. பாரிஸ் 9,000க்கும் மேல்! 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது நான் பாரிஸில் மூன்று இரவு மாட்டிக்கொண்டேன். புயலென்றால் ஒரு காசும் கிடையாது என்றார்கள். அறைக்கு நானே கட்டினேன்.

லெ போர்:
தம்பி, 400தான் சரி. ரீயூனியன் ஐரோப்பிய ஒன்றியத்து மண். ஒன்றியத்துக்குள் பறந்தால் 1,500 கிலோமீட்டருக்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 400தான். இங்கிருந்து சென்னைக்குப் போகும் விமானம் என்றால் 600. அங்கிருந்து திரும்பும்போது, ஐரோப்பிய நிறுவனத்தின் விமானமாக இருந்தால் மட்டுமே இந்தச் சட்டம் செல்லும். உங்களிடம் சொன்னதும் பாதிதான் உண்மை. புயலுக்கு இழப்பீடு இல்லை, ஆனால் அறையும் சாப்பாடும் தந்தே ஆகவேண்டும். ரசீது இருந்தால் இப்போதே எழுதுங்கள், பிரான்சில் ஐந்து ஆண்டு அவகாசம் உண்டு.

பெட்டிக்கு வேறு சட்டம், மாண்ட்ரீல் ஒப்பந்தம். சென்-ஆந்த்ரே தங்கை, தாமதமான பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். உடைந்திருந்தால் 7 நாள்தான். வழக்குப் போட 2 ஆண்டு. 2024 டிசம்பர் 28 முதல் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அதற்குள் உங்களுக்கு உண்மையில் ஆன நட்டத்தைத்தான் தருவார்கள். விமான நிலைய அறிக்கை இல்லாததால் உரிமை போய்விடாது, நிரூபிப்பதுதான் கடினம். எனக்கு இரண்டு நாள் தாமதமாக ஒரு பை வந்தது. சட்டை வாங்கிய ரசீதைக் காட்டி 85 யூரோ வாங்கினேன்.

சென்-ஆந்த்ரே:
அண்ணா, பெட்டி வந்து இன்றோடு 16 நாள். வேட்டிக் கடை ரசீதை அம்மா விபூதி டப்பாவுக்கு அடியில் வைத்திருக்கிறார். இன்றிரவே எழுதுகிறேன்.