ஒரு லட்சம் யூரோவில் நிரந்தர அறக்கட்டளை: ஜெர்மனி வழி சரியா?

கணக்கர்:
ஜெர்மனியில் பதிவான அறக்கட்டளைகள் 25 ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அதை வைத்துக் கொடை பெருகிவிட்டது என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அங்கே வழக்கமான வடிவம் நிரந்தர அறக்கட்டளை; அதில் மூலநிதியில், அதாவது முதலில் போட்ட பணத்தில், கைவைக்கக் கூடாது, வருமானத்தை மட்டுமே செலவிடலாம். ஒரு லட்சம் யூரோவுக்கு 1 சதவீதம் கிடைத்தால் ஆண்டுக்கு 1,000 யூரோ. கணக்கு, வரி அறிக்கை, மாநிலக் கண்காணிப்புத் துறைக்கு ஆண்டறிக்கை என்று அதுவே கரைந்துவிடும். 2019இல் பத்தாண்டு அரசுப் பத்திரத்தின் வருவாய் பூஜ்யத்துக்கும் கீழே போனது. பத்திரத்தை மட்டும் நம்பியவர்கள் எதைக் கொடுத்திருக்க முடியும்?

வைகைக்கரை:
சார், அதற்குத்தான் 2013இல் வழி திறந்தார்களே! மூலநிதியையும் செலவழித்துத் தீர்க்கும் அறக்கட்டளை தொடங்கலாம், குறைந்தது 10 ஆண்டு நீடித்தால் போதும். அதே பணத்தில் ஆண்டுக்கு 10,000 யூரோ வரை கொடுக்கலாம். 2023 ஜூலையில் நாடு முழுக்க ஒரே சட்டம் வந்தபின், நொடித்தவற்றை இணைப்பதற்கும் தெளிவான விதி இருக்கிறது.

கணக்கர்:
வரிக்கழிவை விட்டுவிட்டீர்கள். நிரந்தர மூலநிதிக்குக் கொடுத்தால் பத்தாண்டில் 10 லட்சம் யூரோ வரை கூடுதல் கழிவு உண்டு. செலவழித்துத் தீர்க்கும் நிதிக்கு அது கிடையாது, வழக்கமான நன்கொடை வரம்பு மட்டுமே. அரசே கொடையாளியை நிரந்தரத்தின் பக்கம் தள்ளுகிறது. சிறிய அறக்கட்டளைகள் முடங்குவதற்கு இதுவும் காரணம்.

தென்றல்:
பிரான்சில் எதிரெதிரான இரண்டு வகைகள். அரசு அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்கு 15 லட்சம் யூரோ மூலநிதியும் நீண்ட அனுமதி நடைமுறையும் வேண்டும். 2008இல் வந்த கொடைநிதி என்ற எளிய வகைக்கோ 15,000 யூரோவும் ப்ரிஃபெக்சர் எனும் மாவட்ட அரசு அலுவலகத்தில் ஓர் அறிவிப்பும் போதும். சின்னத் தொகைக்கு இரண்டையும்விட, 1969 முதல் இயங்கும் ஃபோந்தாசியோன் த ஃபிரான்ஸ் போன்ற பெரிய அறக்கட்டளை ஒன்றின் நிழலில் நிதி வைப்பதே மேல். கணக்கும் சட்டப் பொறுப்பும் அவர்களுடையவை. ஜெர்மனியிலும் இப்படி ஒப்படைக்கலாம்.

வைகைக்கரை:
ஒப்படைப்பது நல்ல யோசனைதான். ஆனாலும் நிரந்தரத்தையே குறை சொல்லாதீர்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் 1521இல் ஏழைகளுக்காகத் தொடங்கிய ஃபுகராய் அறக்கட்டளைக் குடியிருப்பில் இன்றும் ஆண்டு வாடகை 0.88 யூரோ! அதைத் தாங்குவது காடும் கட்டடமும். சொத்து எது என்பதே கேள்வி, தொகை அல்ல.

கணக்கர்:
சொத்து பெரிதாக இருந்தும் கவிழ்ந்ததற்கு இத்தாலியின் சியேனா நகர அறக்கட்டளை இருக்கிறது. அதன் செல்வம் பெரும்பாலும் மோந்தே தெய் பாஸ்கி வங்கிப் பங்கில் கிடந்தது. அந்த வங்கி 2007இல் ஆன்டன்வெனெட்டா என்ற இன்னொரு வங்கியை 900 கோடி யூரோவுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. பிடியை விடக் கூடாதென்று அறக்கட்டளை கடன் வாங்கியும் பணம் போட்டது, பங்கு விழுந்தபோது கூடவே விழுந்தது. ஒரே இடத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வைக்கக் கூடாது என்று 2015இல்தான் அங்குள்ள வங்கி அறக்கட்டளைகளுக்கும் நிதி அமைச்சகத்துக்கும் இடையே உடன்பாடு வந்தது.

தென்றல்:
தொடங்க நினைப்பவர்கள் சாசனத்தைக் கவனியுங்கள். நோக்கத்தை ஒரே ஊர், ஒரே பள்ளி என்று குறுக்க வேண்டாம். எப்போது இணைக்கலாம், எப்போது செலவழிக்கும் வகைக்கு மாற்றலாம் என்பதை முதலிலேயே எழுதுங்கள். ஜெர்மனியில் பின்னால் நிறுவியவரே விரும்பினாலும் நினைத்தபடி திருத்த முடியாது.