ஆஸ்பிரின் ஆய்வில் இருந்தவர்கள், ரத்தக் கட்டிக்கு ஆஸ்பிரின் எடுத்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மெல்பர்ன் அண்ணன்:
இடது காலில் ரத்தக் கட்டி, ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை, அதன் அளவு சரியா என்று பார்க்க ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனை, மருந்தின் வேலையைக் குறைத்துவிடுமோ என்று கீரையைக் கண்டாலே பயம். எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வார்ஃபரினை நிறுத்தியபோது கட்டி மறுபடி வராமல் ஆஸ்பிரின் தடுக்குமா என்று பார்க்கும் ஆஸ்பயர் ஆய்வில் சேருகிறீர்களா என்று கேட்டார்கள். தினம் ஒரு மாத்திரை. 100 மில்லிகிராம் ஆஸ்பிரினா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

போகும்போதெல்லாம் மிச்ச மாத்திரையைத் திருப்பித் தர வேண்டும். நர்ஸ் தட்டில் கொட்டி எண்ணுவார். ஒருமுறை அப்பா காரியத்துக்கு ஊருக்கு வந்தவன் 11 நாள் மாத்திரையைத் தொடவே இல்லை. திரும்பிப் போய், ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்து 11 மாத்திரையை எண்ணி எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். உள்ளே அவர் இரண்டிரண்டாகத் தள்ளி எண்ணி, "கணக்குச் சரி, ரொம்ப நன்றி" என்று எழுதிக்கொண்டார்.

2012இல் முடிவு வந்தது. மொத்தமே 822 பேர். வெறும் மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்கு 6.5 சதவீதம் பேருக்கு மறுபடி கட்டி, ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 4.8. இது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. படித்ததும் அந்தக் குப்பைத் தொட்டிதான் கண்ணில் வந்தது.

திருச்சி மகள்:
அம்மாவுக்குக் கட்டி நுரையீரல் வரை போயிருந்தது. ஐஎன்ஆருக்கு மாதாமாதம் அலைவானேன், ஆஸ்பிரினே போதும் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். டாக்டரைக் கேட்காமல் மாற்றிவிட்டோம். நாலாவது மாதம், விடியற்காலை, அம்மா அடுப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கியபடி நின்றார். கூப்பிடக்கூட குரல் வரவில்லை. பிழைத்துவிட்டார். ஆனால் ஆஸ்பிரின் என்ற பேரையே என்னால் கேட்க முடியவில்லை.

சேலம் தம்பி:
அக்கா, அம்மா நலமாக இருக்கட்டும். ஆனால் பழியை ஆஸ்பிரின் மேல் போடாதீர்கள். வார்ஃபரின் போலவே ரத்தம் உறையாமல் தடுக்கும் ரிவராக்சபான் எனக்குக் கட்டுப்படியாகாததால் டாக்டரே ஆஸ்பிரின் எழுதினார், அவ்வளவுதான் என் கதை. இத்தாலியில் வார்ஃபாசா என்று 402 பேரிடம் பார்த்தார்கள். வெறும் மாத்திரையில் ஆண்டுக்கு 11.2 சதவீதம், ஆஸ்பிரினில் 6.6. அண்ணன் இருந்த ஆய்வையும் இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மறுபடி வருவது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்றுமே எடுக்காமல் இருப்பதற்கு இது மேல். வார்ஃபரினுக்கு ஈடு என்று யாரும் சொல்லவில்லை. 2017இல் ஐன்ஸ்டைன் சாய்ஸ் ஆய்வில் ஆஸ்பிரினையும் ரிவராக்சபானையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்பிரினில் 4.4 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது, 10 மில்லிகிராம் ரிவராக்சபானில் 1.2 தான். பெரிய ரத்தக்கசிவு இரண்டிலும் அரை சதவீதத்துக்கும் கீழே. அதனால் பணம் இருந்தால் டாக்டரிடம் ரிவராக்சபானைக் கேளுங்கள். அல்சர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே ஓடுங்கள். பல் பிடுங்கப் போனாலும் இந்த மாத்திரையைச் சொல்லுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், மாற்றாதீர்கள்.

திருச்சி மகள்:
தம்பி, சதவீதம் எனக்கும் புரிகிறது. நாங்கள் செய்தது தப்பு என்றுதானே எழுதினேன்? அந்த விடியற்காலையைப் பார்த்தவள் நான்.

கோவை சிஸ்டர்:
மெல்பர்ன் அண்ணனுக்கு. வேறொரு மருந்தின் ஆய்வில் நான் மாத்திரை எண்ணியிருக்கிறேன். ஒரு பாட்டி டப்பாவை நீட்டும்போதே அழுதுவிட்டார். "ஒம்பது நாள் விட்டுப்போச்சு கண்ணு, என்னைய நிறுத்திப்போடுவீங்களா?" என்றார். நிறுத்தவில்லை. விட்ட நாளை எழுதிக்கொண்டோம், அவ்வளவுதான். மாத்திரை விட்டவரையும் முதலில் அவரைச் சேர்த்த குழுவிலேயே வைத்துத்தான் கடைசிக் கணக்குப் போடுவார்கள். அன்றைக்கு அந்த நர்ஸிடம் சொல்லியிருந்தாலும் உங்களுக்கு நன்றிதான் சொல்லியிருப்பார், அண்ணா.