ஃபைனான்ஸ் வண்டி பட்டறையில் நிற்கிறது, கூலி வரவில்லை

நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கிறேன். 2016 மாடல் அசோக் லேலண்ட், பத்து சக்கரம். பிப்ரவரியில் கட்டி இழுத்து வந்தார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீரில் ஆயில் பால் மாதிரி மிதந்தது. ஹெட்டைக் கழற்றினால் லைனரில் கீறல். பிஸ்டன், லைனர், பேரிங், கிராங்க் கிரைண்டிங் என்று முழு இன்ஜின் வேலை. பில் 1,86,000 ரூபாய். பாதிக்கு மேல் ஸ்பேர் கடைக்கே போய்விட்டது.

மார்ச்சில் வேலை முடிந்ததிலிருந்து ஓனர் போனை எடுப்பதில்லை. இப்போது ஃபைனான்ஸ்காரர்கள் வந்து, தவணை நிலுவை, ஆர்.சி.யில் எங்கள் பெயர் இருக்கிறது, வண்டியை விடுங்கள் என்கிறார்கள். வந்த நிலையிலேயே விட்டிருந்தால் இரும்பு விலைக்குத்தான் போயிருக்கும், அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

ஓனருக்குப் பதிவுத் தபால் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. ஃபைனான்ஸ் கிளையில் பில்லையும் அவர் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டையும் காட்டினேன். அவரிடமே வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். போலீஸில் சிவில் விவகாரம் என்று முடித்துவிட்டார்கள். அப்புறம் தெரிந்த வக்கீல் ஒருவர் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 170வது பிரிவைக் காட்டினார்: வேலை பார்த்தவர் அதற்கான கூலி வரும்வரை பொருளைத் தன்னிடமே வைத்திருக்கலாம். ஷெட் வாடகை அதில் சேராதாம், சரி, அது போகட்டும்.

அந்த 170வது பிரிவு உரிமை ஓனருக்கு எதிராக மட்டும்தான் செல்லுமா, ஆர்.சி.யில் பெயர் ஏறிய ஃபைனான்ஸ் கம்பெனியையும் கட்டுப்படுத்துமா?