இழுக்கும்போது விண்டோ திரைக்கு வெளியே போகாமல் நிறுத்துவது எப்படி?

மதி: அவசரம். மவுஸால் இழுக்கும்போது என் விண்டோ திரை ஓரத்தைத் தாண்டக் கூடாது. விண்டோ இடம் மாறும்போது வரும் லொகேஷன்சேஞ்சுட் ஈவென்டில் அதன் லெஃப்ட், டாப் இரண்டையும் திருத்துகிறேன். ஓரத்தில் கிடந்து நடுங்குகிறது, மவுஸை விட்டால்தான் அடங்குகிறது. நாளை டெமோ.

நிரல்வண்டு: எந்த ஓஎஸ்? விண்டோவை எழுதிய கருவித்தொகுப்பு எது, வின்ஃபார்ம்ஸா, டபிள்யூபிஎஃப்பா, க்யூடியா? மானிட்டர் எத்தனை?

கடலோரன்: டபுள் பஃபரிங் (மறைவில் வரைந்து முடித்து மொத்தமாகக் காட்டுவது) போடுங்கள். நடுக்கம் என்றாலே அதுதான் மருந்து.

நிரல்வண்டு: அது விண்டோவுக்குள் வரைவதற்கு. இங்கே விண்டோவே நடுங்குகிறது.

பழையகை: அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேட்கலாம். லொகேஷன்சேஞ்சுட் வருவதே விண்டோ நகர்ந்த பிறகுதான். நீங்கள் உள்ளே தள்ள, அடுத்த மவுஸ் அசைவு வெளியே இழுக்கும், நடுங்காமல் என்ன செய்யும்? நகர்வதற்கு முன்னால் டபிள்யூஎம்_மூவிங் என்ற விண்டோஸ் செய்தி வரும். அதன் எல்பாராம் காட்டும் ரெக்டை, அதாவது விண்டோ போகவிருக்கும் செவ்வகத்தை, திருத்தி ட்ரூ திருப்பினால் போதும்.

மதி: டபிள்யூபிஎஃப், விண்டோஸ் 11. மானிட்டர் இரண்டு, ஒன்று 125% ஸ்கேலிங். அந்தச் செய்தியைப் பிடிக்கும் விண்ட்பிராக் ஃபங்ஷன் எங்கே இருக்கிறது?

நிரல்வண்டு: டபிள்யூபிஎஃப்பில் நேரடியாகக் கிடையாது. சோர்ஸ்இனிஷியலைஸ்டு ஈவென்ட் வந்ததும் விண்டோவின் எச்விண்ட்சோர்ஸ் எடுத்து, செய்திகளைப் பிடிக்க ஆட்ஹூக் போடுங்கள். ரெக்டைத் திருத்தி அதே இடத்தில் திரும்ப எழுதி, ஹேண்டில்டு ட்ரூ ஆக்கி, 1 திருப்புங்கள். ரெக்டில் இருப்பது நிஜ பிக்சல். லெஃப்ட், டாப் அங்குலத்தில் 96-ல் ஒரு பங்கு அளவு. 125% திரையில் அகலம் 800 என்றால் ரெக்டில் 1000. இரண்டையும் கலக்காதீர்கள். எல்லைக்கு, கர்சர் இருக்கும் மானிட்டரின் ஆர்சிவொர்க்கை (டாஸ்க்பார் போக மீதி இடம்) எடுங்கள். அப்போதுதான் அடுத்த திரைக்கு இழுத்துப் போக முடியும்.

கடலோரன்: டபிள்யூஎம்_விண்டோபொஸ்சேஞ்சிங் இன்னும் நல்லது. மவுஸ் இல்லாமல் புரோகிராமே நகர்த்தினாலும் பிடிக்கும்.

பழையகை: கேட்டது இழுப்பதைப் பற்றி. அதில் கை வைத்தால் மினிமைஸ், மேக்சிமைஸ் எல்லாவற்றையும் நீங்களே பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடலோரன்: ஃபிளாக்ஸில் நோமூவ் (இடம் மாறவில்லை) இருக்கிறதா என்று பார்த்து விலகிக்கொள்வது அவ்வளவு கஷ்டமா?

தூரிகை: விண்டோவை எங்கே வைப்பது என்பது பயனர் உரிமை. லினக்ஸின் வேலாண்ட் டிஸ்ப்ளே முறையில் சாதாரண ஆப் தன் விண்டோ திரையில் எங்கே இருக்கிறது என்றே கேட்க முடியாது. அதுதான் சரி.

பழையகை: அங்கே மிதக்கும் டூல்பார் எழுதியவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நிரல்வண்டு: வேலாண்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். மதி, இன்னொன்று: ரெக்டைத் திருத்திவிட்டால், அடுத்த ரெக்ட் நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்தே கணக்காகும். மவுஸைத் திரும்பக் கொண்டுவரும்போது பிடித்த இடம் விலகிப்போயிருக்கும். இழுக்கத் தொடங்கி டபிள்யூஎம்_என்டர்சைஸ்மூவ் வரும்போதே கர்சருக்கும் விண்டோ மூலைக்கும் உள்ள தூரத்தைக் குறித்துவையுங்கள். ஒவ்வொரு மூவிங்கிலும் கெட்கர்சர்பொஸ்ஸால் கர்சர் இடத்தை எடுத்து, அந்தத் தூரத்தைக் கழித்து, பிறகு எல்லைக்குள் அடக்குங்கள்.

மதி: நடுக்கம் போய்விட்டது, நன்றி. இடது ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன இடைவெளி.

நிரல்வண்டு: கண்ணுக்குத் தெரியாத பார்டர் அது. 100% திரையில் 7 பிக்சல் வரும். எண்ணை அப்படியே கோடில் எழுதிவிடாதீர்கள், ஸ்கேலிங் மாறினால் அதுவும் மாறும். டிடபிள்யூஎம்கெட்விண்டோஆட்ரிபியூட்டில் எக்ஸ்டெண்டட் ஃபிரேம் பவுண்ட்ஸ் (கண்ணுக்குத் தெரியும் ஓரம்) கேட்டு, அந்தப் பார்டரையும் சேர்த்துச் சொல்லும் கெட்விண்டோரெக்டோடு உள்ள வித்தியாசத்தை எல்லையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.