செகண்ட் ஹேண்ட் டீசல் கார்: ரிவர்ஸ் உரசுகிறது, அடியில் ஆயில் சொட்டுகிறது, கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

கொல்லிமலை_அடிவாரம்:

வணக்கம். போன மாதம் ஒரு டீசல் ஹேட்ச்பேக் வாங்கினேன். 2013 மாடல், 1.3 லிட்டர் எஞ்சின், 5 கியர் மேனுவல், மீட்டரில் 1,12,000 கி.மீ. பார்க்கப் போனபோது எஞ்சின் பக்கம் முழுக்கக் கழுவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள், ஓட்டிப் பார்த்ததிலும் ஒரு குறையும் தெரியவில்லை. இப்போது இரண்டு தொல்லை.

ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று உரசுகிறது. சிக்னலில் நின்று கிளம்பும்போது ஃபர்ஸ்ட் கியர் விழ மறுக்கிறது, வண்டி சூடேறச் சூடேற இது அதிகமாகிறது. அப்புறம், ராத்திரி நிறுத்திவைத்தால் காலையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே தரை ஈரமாகக் கிடக்கிறது.

ஒரு மெக்கானிக் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸிலும் வேலை இருக்கிறது, இறக்கிப் பிரித்தால் 40 ஆயிரத்துக்குக் குறையாது என்கிறார். இன்னொருவர், கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றி ஓட்டுங்கள், பழைய வண்டி என்றால் சொட்டத்தான் செய்யும் என்கிறார். ஆடி 18-க்கு வல்வில் ஓரி விழாவுக்குக் குடும்பத்தோடு கொல்லிமலை மேலே போக வேண்டும். காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவு, இந்த நிலைமையில் ஏற்ற மனம் வரவில்லை. யார் சொல்வது சரி?

சேலம்_ஸ்பேனர்:

தம்பி, இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். சொட்டுவது என்ன திரவம் என்றே இன்னும் யாரும் பார்க்கவில்லையே. நீங்கள் சொல்லும் அந்த இடத்தில் மூன்று விதமான திரவம் வந்து சொட்டலாம். டீசல் எஞ்சின் ஆயில் என்றால் மாற்றிய கொஞ்ச நாளிலேயே கறுத்துவிடும், விரலில் மைபோல ஒட்டும். கியர் ஆயில் பெரும்பாலும் தேன் நிறத்தில், கெட்டியாக இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் கந்தக வாடை தூக்கும், ஒருமுறை முகர்ந்தால் மறக்காது. மூன்றாவது பிரேக் ஆயில். ஹைட்ராலிக் க்ளட்ச் (ஆயில் அழுத்தத்தில் இயங்குவது) உள்ள வண்டியில் க்ளட்சுக்கும் அதே ஆயில்தான். அது தண்ணீர் மாதிரி மெல்லிசாக இருக்கும், பெயிண்ட் மேல் பட்டால் பெயிண்டை உரித்துவிடும். இன்று ராத்திரி அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து, முன் சக்கரம் எங்கே இருக்கிறது என்று பேனாவால் குறித்துவிட்டுப் படுங்கள். காலையில் எந்தச் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்தது கியர். எஞ்சினை அணைத்துவிட்டு ஐந்து கியரையும் ரிவர்சையும் போட்டுப் பாருங்கள். அணைத்த நிலையில் எல்லாம் வெண்ணெய்போல விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் குற்றம் கியர்பாக்ஸ் மேல் இல்லை, க்ளட்ச் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் முழுசாகப் பிரித்து விடவில்லை என்று அர்த்தம். பல கியர்பாக்ஸில் ரிவர்சுக்கு சிங்க்ரோ (பல்சக்கரங்களின் வேகத்தை ஒன்றாக்குகிற வளையம்) கிடையாது, அதனால் க்ளட்ச் அரைகுறையாக விட்டால் முதலில் கத்துவது ரிவர்ஸ்தான். எஞ்சின் அணைத்த பிறகும் இறுக்கமாகவே இருந்தால் கியர் கேபிள், லிங்கேஜ் புஷ் பக்கம் பார்க்க வேண்டும், அதுவும் சரி என்றால்தான் உள்ளே பிரிக்கிற பேச்சு. இன்னொன்று, ரிவர்ஸ் உரசும்போது க்ளட்ச் பெடலை இரண்டு மூன்று முறை பம்ப் அடித்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் ஹைட்ராலிக் லைனில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது பெடல் பக்கம் இருக்கிற மாஸ்டர் சிலிண்டரோ கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிற ஸ்லேவ் சிலிண்டரோ போய்விட்டது.

சத்தத்தையும் கவனியுங்கள். நியூட்ரலில் ஐடிலில் உறுமல் வந்து, க்ளட்சை மிதித்ததும் நின்றால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் வந்தால் க்ளட்சை அழுத்தி விடுவிக்கிற ரிலீஸ் பேரிங். இதையெல்லாம் பார்க்க ஒரு ரூபாய் செலவில்லை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கோவை_டீசல்:

சேலம் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பின் சீல் போய்விட்டது என்று இறக்கிய வண்டிகளில் நிறைய பேருக்கு உண்மையான லீக் மேலே டாப் கவர் பேக்கிங்கில் (எஞ்சின் மேல்மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கிற பட்டையில்) இருக்கும். எஞ்சினின் பின்பக்க ஓரத்தில் பேக்கிங் காய்ந்து ஓடுபோல இறுகிவிடும், அங்கிருந்து ஆயில் பிளாக்கை ஒட்டியே வழிந்து எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங் மூட்டில் வந்து சேரும், கீழிருந்து பார்க்கிறவனுக்குப் பின் சீல் மாதிரியே தெரியும். ஆயில் எப்போதும் கீழ்நோக்கித்தான் ஓடும், ஓட்டும்போது காற்றும் பின்னால் தள்ளும், அதனால் ஈரமாக இருப்பதிலேயே மிக உயரமான, மிக முன்னால் இருக்கிற இடம் எது என்று தேடுங்கள். டிகிரீசர் அடித்து நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்த பிறகு சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடர் தூவிவிட்டுப் பத்து நிமிடம் ஓடவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். கசியும் இடத்தில் பவுடரில் கோடு விழும். ஃபேன் பெல்ட் பக்கம் மட்டும் கை, துணி எதுவும் போகக் கூடாது.

அப்படியே ஆயில் ஊற்றுகிற மூடியை ஐடிலில் கழற்றிப் பாருங்கள். லேசாகக் காற்று வருவது இயல்பு. மூடியே துள்ளுகிற அளவுக்குப் புகையோடு அடித்தால் எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேசில் அழுத்தம் ஏறியிருக்கிறது. அந்த அழுத்தத்தை வெளியே விடுகிற ப்ரீதர் ஹோஸ் கசடு பிடித்து அடைத்திருந்தாலும் இப்படி ஆகும், பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தாலும் ஆகும். ப்ரீதரைச் சுத்தம் பண்ணாமல் எத்தனை புது சீல் போட்டாலும் உள்ளே இருக்கிற அழுத்தம் அதையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

ரோட்டோரம்:

இவ்வளவு சிரமம் எதற்கு? லீக் ஸ்டாப் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள், ஆயிலில் ஊற்றி ஓட்டினால் தானாக நின்றுவிடும். என் மாமா வண்டிக்கு ஊற்றினோம், நின்றது.

சேலம்_ஸ்பேனர்:

நின்றிருக்கும், மறுக்கவில்லை. அந்த மருந்து ரப்பர் சீலை ஊதிப் பெரிதாக்கும், கொஞ்ச நாளைக்குக் கசிவு அடங்கும், அப்புறம் அந்த ரப்பரே மென்மையாகித் தளர்ந்துவிடும். காய்ந்து வெடித்த பேக்கிங்குக்கும், பள்ளம் விழுந்த ஷாஃப்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. வண்டியைத் தள்ளிவிட நினைக்கிறவர்கள் ஊற்றுகிற மருந்து அது. கெட்டி ஆயில் யோசனையும் வேண்டாம். டர்போ உள்ள டீசல் எஞ்சினுக்கு மேனுவலில் சொன்ன கிரேடைத்தான் ஊற்ற வேண்டும், காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது டர்போ பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேர ஒவ்வொரு நொடியும் முக்கியம்.

கொல்லிமலை_அடிவாரம்:

அண்ணா, கோவைக்காரரே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நீங்கள் சொன்னபடி எல்லாம் பார்த்தேன். எஞ்சினை அணைத்தால் எல்லாக் கியரும் சுலபமாக விழுகிறது. பெடலை பம்ப் அடித்தால் ரிவர்ஸ் சத்தமே இல்லாமல் விழுகிறது! அட்டையில் இரண்டு வகைக் கறை. ஒன்று நல்ல கறுப்பு, எஞ்சின் பக்கம். இன்னொன்று கியர்பாக்ஸ் பக்கம், கிட்டத்தட்ட நிறமே இல்லை, தொட்டால் வழுவழுப்பு குறைவு. பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பார்த்தால் MIN (குறைந்தபட்ச அளவு) கோட்டுக்குக் கீழே இருக்கிறது. டாப் கவரின் பின் ஓரத்தில் விரலை விட்டால் விரல் கறுப்பாக வருகிறது. ஆயில் மூடியைக் கழற்றினால் லேசான காற்றுதான்.

சேலம்_ஸ்பேனர்:

அப்படியானால் முதல் வேலை, வண்டியை ஓட்டாதீர்கள். உங்கள் வண்டியில் பிரேக்குக்கும் க்ளட்சுக்கும் ஒரே டப்பா என்று தெரிகிறது. பல கார்களில் க்ளட்ச் குழாயை டப்பாவில் மேலே வைத்திருப்பார்கள், க்ளட்ச் ஆயில் முழுக்க வடிந்தாலும் பிரேக்குக்குக் கொஞ்சம் மிஞ்சும்படி. அதை நம்பி மலை ஏறக் கூடாது, இறங்கவும் கூடாது. நான்கு சக்கரத்தின் உட்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பார்த்து, பிரேக்கில் கசிவு இல்லை என்று முதலில் உறுதி செய்யுங்கள்.

ஸ்லேவ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கு வெளியே போல்ட் போட்டு மாட்டியிருந்தால் நல்ல காலம், மேலே இருக்கிற ரப்பர் பூட்டைத் தள்ளிப் பாருங்கள், உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் அதுதான் கசிகிறது. மாற்றி, ஏர் ப்ளீட் பண்ணினால், அதாவது லைனில் இருக்கிற காற்றை வெளியேற்றினால், முடிந்தது. சில கார்களில் இது பெல் ஹவுசிங்குக்கு உள்ளே, ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்தே இருக்கும். அப்படி இருந்தால் கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் அந்த ஒரு சாமானை மட்டும் மாற்றிவிட்டு ஏற்றாதீர்கள். கூலிதான் பெரிய செலவு, அதை ஒரே தடவையோடு முடித்துவிட வேண்டும். கிராங்க் பின் சீல், இன்புட் ஷாஃப்ட் சீல், இரண்டு டிரைவ் ஷாஃப்ட் சீல், க்ளட்ச் செட் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். க்ளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருந்தால் பெட்ரோலில் கழுவி மறுபடி மாட்டலாம் என்பார்கள், சம்மதிக்காதீர்கள். லைனிங் ஆயிலை உறிஞ்சிவிடும், சூடானதும் மறுபடி கக்கும், வழுக்கும்.

கோவை_டீசல்:

டாப் கவர் பேக்கிங் மாற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய பேக்கிங்கையும் கசடையும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி, இரண்டு பக்கமும் சுத்தமாகத் துடைத்த பிறகுதான் புதுசை வைக்க வேண்டும். சிலர் நல்ல பேக்கிங் மேலேயே சிலிக்கானைக் குழாய் குழாயாகப் பிழிவார்கள். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், அது துண்டு துண்டாகப் பிய்ந்து ஆயில் சேம்பரில் விழுந்து ஆயில் உறிஞ்சுகிற சல்லடையை அடைத்தால் எஞ்சினே போய்விடும். மேனுவலில் சொன்ன மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு போதும். போல்ட்டை நடுவில் இருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

சாமான் விஷயத்தில், சென்னைப் பக்கம் போனால் ஜி.பி. ரோட்டில் புது ஸ்பேர் கிடைக்கும். புதுப்பேட்டையில் பழைய சாமான் நிறைய இருக்கிறது, கண்ணாடி, கதவு, பம்பர் வாங்கலாம். சீல், பேக்கிங், ஹைட்ராலிக் சிலிண்டர் மட்டும் பழசு வாங்கவே கூடாது.

யாழ்_வண்டி:

இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். எங்கட வாகனம் ஜப்பானில் இருந்து இறக்கிய பாவித்த கார், சிவிடி கியர் (பெல்ட்டில் ஓடுற ஓட்டோ கியர்). காலையில் டி-க்குப் போட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் இழுக்குது, மெதுவாகப் போகேக்க ஒரு நடுக்கமும் வருது. கராஜில் மற்ற ஓட்டோ கியருக்கு ஊத்துற சாதாரண ஏடிஎஃப் ஒயில் மாத்தினால் சரி எண்டு சொல்லுகினம். செய்யலாமா?

சேலம்_ஸ்பேனர்:

தயவுசெய்து செய்யாதீர்கள். சிவிடியில் பெல்ட் புல்லியைப் பிடித்து ஓடுவது அதற்கென்று செய்த ஆயிலை நம்பித்தான். சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கீறல் விழும், அப்புறம் முழு யூனிட்டையும் மாற்ற வேண்டியதுதான். உங்கள் மாடலின் மேனுவலில் எழுதியிருக்கிற சிவிடி ஆயிலை மட்டும், சொன்ன சூட்டில் லெவல் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். ரேடியேட்டர் தண்ணீரையும் பாருங்கள். இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் கியர் ஆயிலைக் குளிர்விக்கிற கூலர் உள்ளே ஓட்டை, ஆயிலும் தண்ணீரும் கலக்கின்றன, அப்போது வண்டியை ஸ்டார்ட்கூட பண்ணாதீர்கள்.

கொல்லிமலை_அடிவாரம்:

வேலை முடிந்தது. ஸ்லேவ் சிலிண்டர் வெளியேதான் இருந்தது, பூட்டை இழுத்ததும் ஆயில் கொட்டியது. புதுசு போட்டு, பழைய ஆயிலை முழுக்க எடுத்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி ப்ளீட் பண்ணினார்கள், ரிவர்ஸ் உரசல் போயே போய்விட்டது. டாப் கவர் பேக்கிங்கும் மாற்றியாயிற்று. கியர்பாக்ஸை இறக்கவே இல்லை, 40 ஆயிரம் எங்கே, ஆன செலவு எங்கே! இடது டிரைவ் ஷாஃப்ட் பக்கம் மட்டும் லேசாக ஈரம் இருக்கிறது, சொட்டவில்லை. காலையில் குளிர்ந்த வண்டியில் செகண்ட் கியர் கொஞ்சம் இறுக்கம். கியர் ஆயில் மாற்றலாமா?

சேலம்_ஸ்பேனர்:

மாற்றுங்கள், நல்ல சந்தர்ப்பம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முதலில் மேலே இருக்கிற ஃபில்லர் போல்ட்டைக் கழற்றுங்கள், அது கழன்ற பிறகுதான் கீழே ட்ரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஆயிலை வடித்துவிட்டு ஃபில்லர் கழலாமல் மாட்டிக்கொண்டால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வடிகிற ஆயிலைத் தட்டில் பிடித்து வெயிலில் பாருங்கள். ட்ரெயின் போல்ட்டில் காந்தம் இருந்து அதில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு. பொன் நிறத்தில் தூள் மின்னினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது, செகண்ட் இறுகுவதற்குக் காரணம் அதுவாகவே இருக்கும். இரும்புச் சில்லு வந்தால் உடனே எழுதுங்கள்.

மேனுவலில் கியர் ஆயில் தரம் ஜிஎல்-4 என்று இருந்தால் கடைக்காரர் ஜிஎல்-5 உயர்ந்தது என்று தந்தாலும் வாங்காதீர்கள், அதில் அதிகமாகச் சேர்க்கிற கந்தக மருந்து சில கியர்பாக்ஸின் பித்தளை சிங்க்ரோவை அரிக்கும். ஃபில்லர் ஓட்டையின் விளிம்பில் வழிகிற வரை ஊற்றி, இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர் போட்டு மூடுங்கள். டிரைவ் ஷாஃப்ட் ஈரத்தைத் துடைத்துவிட்டு விடுங்கள், சொட்ட ஆரம்பித்தால் அந்த சீலை மட்டும் மாற்றலாம், அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம். மலைக்குப் போகிற அன்று காலையில் பிரேக் ஆயில் டப்பாவை ஒரு தடவை பாருங்கள், இறங்கும்போது செகண்ட் கியரிலேயே வாருங்கள்.